சீலிங்ல விரிசலா? பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆழ்வார்பேட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டுக்கு என்னைவிட வயசு அதிகம். மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, வாசலில் ஒரு பெரிய வேப்பமரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழைக்காலத்தில் ஹால் சீலிங்கிலிருந்து காரை பெயர்ந்து பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, கீழே சோபாதான் இருந்தது, நான் இல்லை. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மறுநாளே ஆள் அனுப்பினார். மேஸ்திரி வந்தார், தளர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்தார், கம்பியைத் தேய்த்தார், ஏதோ கெமிக்கல் தடவினார், கலவை வைத்து அடைத்தார். மேலே பெயின்ட். "இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையே வேணாம்மா" என்றார்.

போன மாசம் அதே சீலிங்கில் புது விரிசல். இதில் வேடிக்கை என்னவென்றால், மேஸ்திரி வைத்த ஒட்டு ஜம்முனு அப்படியே இருக்கிறது. விரிசல் விட்டிருப்பது அதற்குப் பக்கத்தில், சரியாக அந்த ஒட்டின் ஓரத்தைச் சுற்றி.

'பழைய கட்டடம்னா அப்படித்தான்' என்று நீங்களும் நினைக்கலாம். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். ஆனால் இதே ஏரியாவில், சேமியர்ஸ் சாலையில், 2024 மார்ச் 28 அன்று மாலை ஒரு பாரின் முதல் மாடி மேற்கூரை இடிந்து விழுந்து மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். மெட்ரோ வேலையின் அதிர்வுதான் காரணமோ என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது, மெட்ரோ நிர்வாகம் அதை மறுத்தது. அந்த விபத்துக்கும் என் வீட்டு சீலிங்குக்கும் ஒரே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தலைக்கு மேலே இருக்கிற இவ்வளவு கான்கிரீட்டும் உள்ளே எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிய வைக்கும், முடிந்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும் பொருள்களைத்தான் 'ஸ்மார்ட் மெட்டீரியல்' என்கிறார்கள். அவற்றில் எது நம்ம கைக்கு எட்டும், எது இன்னும் லேப்பிலேயே இருக்கிறது என்று பார்க்கலாம்.

கம்பிக்கு என்னதான் ஆகுது?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம். அதனால் கம்பியின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் ஒன்று உருவாகி, அதுதான் கவசமாக நிற்கிறது. இந்தக் கவசத்துக்கு ரெண்டு எதிரிகள். ஒன்று, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு. வருஷக்கணக்கில் மெதுவாக உள்ளே நுழைந்து காரத்தன்மையைக் குறைத்துவிடும். இன்னொன்று உப்பு. சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. கடல்காற்று ஒரு பக்கம்; கட்டும்போதே போர் தண்ணியை ஊற்றிக் கலவை போட்ட கட்டடங்கள் இன்னொரு பக்கம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. நம்ம ஊர் போர் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் இதை எத்தனை பேர் சோதித்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

கம்பிக்கு வெளியே எவ்வளவு கனத்துக்கு கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதும் முக்கியம். அதே விதிப்படி, கடலோரச் சூழலில் 45 மில்லிமீட்டர் வேண்டும். மழை, கடல்காற்று படாத உட்புறத்துக்கு 20 போதும். இந்த இடைவெளிக்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கிறார்கள். அது இல்லாமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்து ஒப்பேற்றிய கட்டடங்களும் நிறைய உண்டு.

துரு பிடிக்க ஆரம்பித்தால் இரும்பு மெலிவது மட்டும் பிரச்னை இல்லை. துரு, தான் உருவான இரும்பைவிட ரெண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். சுற்றி இருக்கும் கான்கிரீட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு கோடு விழும், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம்தான் பொத். அதாவது சோபாவில் விழுந்த காரை இந்தக் கதையின் கடைசி சீன். அதற்கு முன்னாடி எத்தனையோ வருஷமாக உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டுக்குப் பக்கத்திலேயே ஏன் விரிசல்?

என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது இந்தக் கேள்விதான். பதில் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரியில் இருக்கிறது. துருப்பிடிப்பது என்பது ஒரு குட்டி பேட்டரி. கம்பியில் ஓர் இடம் அரிபட்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கும், பக்கத்து இடம் வாங்கிக்கொள்ளும். கொடுக்கிற இடம் கரையும், வாங்குகிற இடம் தப்பிக்கும். வீட்டில் எல்லாத் திட்டையும் அண்ணனே வாங்கிக்கொண்டிருக்கும் வரை நீங்க சேஃப், இல்லையா? அதே கதைதான். இப்போது மேஸ்திரி வந்து அந்த அண்ணனை, அதாவது துருப்பிடித்த இடத்தை, சுத்தம் செய்து புதுக் கலவை வைத்து மூடிவிட்டார். புதுக் கலவையில் உப்பு இல்லை, காரத்தன்மை அதிகம், அந்த இடம் இனிமேல் பத்திரம். ஆனால் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பிக்கு இப்போது முறை வந்துவிட்டது. ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோல அரிப்பு ஆரம்பிக்கும். ஆக, மேஸ்திரி வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பக்கத்தில் விரிசல். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இதற்கு என்ன வழி? திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆளைக் கூலிக்கு வைப்பதுதான்! அந்த ஆள் துத்தநாகம், அதாவது ஜிங்க். இரும்பைவிட வேகமாக எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் உலோகம். கேரம்போர்டு ஸ்ட்ரைக்கர் மாதிரி ஒரு ஜிங்க் வில்லை, அதைச் சுற்றி ஒரு ஸ்பெஷல் கலவை, கட்டுவதற்கு ரெண்டு கம்பி. ஒட்டுப் போடும்போது ஓரத்தில் இருக்கும் கம்பியோடு இதைச் சேர்த்துக் கட்டிவிட்டு மூடிவிடுவார்கள். அதன்பிறகு இரும்புக்குப் பதில் ஜிங்க் கரையும். கப்பல்களின் அடிப்பாகத்தில் ஜிங்க் கட்டிகளைப் பொருத்துவது இதே காரணத்துக்காகத்தான். உங்க வீட்டு கெய்சர் சர்வீஸுக்கு வந்தவர் "ஆனோடு ராடு தேய்ஞ்சிடுச்சு, மாத்தணும்" என்று பில்லை நீட்டியிருப்பாரே, அதுவும் இதே டெக்னிக். அங்கே பெரும்பாலும் மக்னீசியம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சில பாடப்புத்தகங்கள் இதை ஸ்மார்ட் மெட்டீரியல் பட்டியலில் சேர்க்காது. நான் சேர்ப்பேன். சூழலுக்கு ஏற்ப, யாரும் பட்டனைத் தட்டாமல் தானாக வேலை செய்வதுதான் ஸ்மார்ட் என்றால், ஈரமும் உப்பும் அதிகமானால் அதிக மின்னோட்டத்தையும் காய்ந்த காலத்தில் குறைவாகவும் தரும் இந்த வில்லையைவிட ஸ்மார்ட் எது? வெளியிலிருந்து கரன்ட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். இந்தியாவிலேயே கிடைக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் ராதாகிருஷ்ண பிள்ளையின் குழு இந்த முறையைப் பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறது. திரும்பத் திரும்ப ஒட்டுப் போடுவதைவிட, ஜிங்க் வைத்துச் செய்வது நீண்ட கால நோக்கில் செலவைக் குறைக்கும் என்பதுதான் அவர்கள் சொல்வதன் சாரம். இருந்தும் வீட்டு ரிப்பேர் பண்ணும் மேஸ்திரிகளில் பலருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. நான் கேட்ட மூன்று பேருக்கும் தெரியவில்லை.

கான்கிரீட்டுக்கு வாய் வைப்பது எப்படி?

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து தரைமட்டமானது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்து உஷாரான மக்கள், எல்லோரையும் வெளியே வரவைத்துவிட்டார்கள். அங்கே எந்த சென்சாரும் கிடையாது. கண்ணும் காதும்தான் சென்சார். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்த பிறகு கிடைக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு. சில மணி நேரத்துக்குப் பதில் சில வருஷங்களுக்கு முன்னாடியே கட்டடம் சொல்லிவிட்டால்?

அதற்கு உதவுவது உங்க கிச்சனில் இருக்கிறது. கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி வருகிறதே, அதற்குள் இருப்பது பீசோ எலெக்ட்ரிக் பொருள். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் தந்தால் அதிரும். இந்த ரெண்டு குணத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாணய அளவுக்கு ஒரு பீசோ வில்லையை பீமில் ஒட்டி, மின்சாரத்தால் மெல்ல அதிரவிட்டு, அந்த அதிர்வு எப்படித் திரும்பி வருகிறது என்று அளக்கலாம். மண்பானை வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பார்களே, 'ணங்'னு கேட்டால் நல்ல பானை, 'டப்'புனு கேட்டால் கீறல். அதே வித்தைதான். நல்ல நிலையில் ஒரு முறை பதிவு செய்து வைத்துக்கொண்டால், பின்னால் உள்ளே புதிதாக விரிசல் விடும்போது பதிவு மாறும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கங்பிங் சாங் என்ற பேராசிரியர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பீசோ வில்லையைச் சின்ன சிமென்ட் கட்டிக்குள் வைத்து, ஜல்லியோடு ஜல்லியாக கான்கிரீட்டுக்குள்ளேயே போட்டுவிடுவது. பேரே 'ஸ்மார்ட் அக்ரிகேட்'. புத்திசாலி ஜல்லி! இன்னொரு வழி, கான்கிரீட்டையே சென்சார் ஆக்குவது. கலவையில் கார்பன் இழைகளைச் சேர்த்தால் அது கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். பாரம் ஏறும்போதும் விரிசல் விடும்போதும் அந்தக் கடத்தல் மாறும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் டி.டி.எல். சங் என்ற பெண் விஞ்ஞானி 1990-களிலேயே இதைச் செய்துகாட்டினார்.

பெரிய பாலங்களில் இந்த மாதிரிக் கண்காணிப்பு வந்துவிட்டது. 2007-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஆற்றுப்பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அதே இடத்தில் கட்டிய புது கான்கிரீட் பாலத்துக்குள் 300-க்கும் மேற்பட்ட சென்சார்களைப் பதித்தார்கள். நம்ம பக்கம், பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் சென்சார்களைப் பொருத்தியிருந்தது. அது இரும்புப் பாலம், நம்ம கான்கிரீட் கதை இல்லைதான், ஆனால் கண்காணிப்பு என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம். 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட பயணிகள் ரயில் அதன்பிறகு அந்தப் பாலத்தில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது. தரமணியில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்துக்கு இந்தக் கண்காணிப்பெல்லாம் பல வருஷத்து வேலை. நம்ம வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் சுற்றுகிறவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ வழித்தடம் இந்தப் பக்கம் பூமிக்கடியில் போகிறது. இப்படிச் சுரங்கம் தோண்டும்போது மேலே இருக்கும் கட்டடங்களின் சுவர்களில் குட்டி கண்ணாடி பிரிசம், சாய்வை அளக்கும் டில்ட் மீட்டர், விரிசலின் குறுக்கே ஒட்டிய அளவுகோல் எல்லாம் பொருத்துவது வழக்கம். அடுத்த தடவை அந்த மாதிரி ஒன்று கண்ணில் பட்டால், 'என்னடா இது' என்று பிய்த்துவிடாதீங்க, ப்ளீஸ்.

தானாகவே ஆறும் காயம்

சோஷியல் மீடியாவில் அடிக்கடி வலம் வருகிறதே, 'பாக்டீரியா கான்கிரீட்', அது உண்மைதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கியது. காரம் மிகுந்த சூழலிலும் தாக்குப்பிடிக்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவை, அதன் சாப்பாடான கால்சியம் லாக்டேட்டோடு சேர்த்து கான்கிரீட்டில் கலந்துவிடுகிறார்கள். அது வருஷக்கணக்கில் கும்பகர்ணத் தூக்கம் போடும். விரிசல் விட்டு, அதன் வழியாகத் தண்ணீர் நுழைந்ததும் எழுந்து சாப்பிட ஆரம்பிக்கும், சாப்பிட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல்லை வெளியிடும். விரிசல் அடைபடும். 0.8 மில்லிமீட்டர் வரை அடைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இது ஒரு ராத்திரியில் நடப்பதில்லை, வாரக்கணக்கு ஆகும். விலையும் சாதாரண கான்கிரீட்டைவிட அதிகம்.

நம்ம பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது, பாக்டீரியா இல்லாமல். பெங்களூருவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் தொண்டேபாவி என்ற கிராமம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் நெம்குமார் பந்தியாவின் குழு அங்கே ஒரு கான்கிரீட் சாலை போட்டது. கலவையில் சேர்த்த இழைகளின் மேல் தண்ணீரை ஈர்க்கும் நானோ பூச்சு. எந்த கான்கிரீட்டிலும் தண்ணீரோடு சேராமல் மிச்சமாகும் சிமென்ட் கொஞ்சம் இருக்கும். விரிசல் விடும்போது இழை பிடித்துவைத்திருக்கும் ஈரம் அந்த மிச்ச சிமென்ட்டை எழுப்பிவிட, அது இடைவெளியை நிரப்புகிறது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊருக்கு இது பொருத்தமான யோசனை.

இதெல்லாம் முழுக்கப் புதுசு என்றும் சொல்ல முடியாது. ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூரில் மிஞ்சியிருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பார்த்திருப்பீங்க. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிற்கவைத்துச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தளம். நீரில் கரையும் சுண்ணாம்பு, சின்ன விரிசலுக்குள் போய் மறுபடி இறுகிக்கொள்ளும். ரோமானியர்களின் கான்கிரீட் ரெண்டாயிரம் வருஷம் நிற்பதற்கு அதில் இருக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் ஒரு காரணம் என்று 2023-ல் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் சொன்னார்கள். நம்ம தாத்தா காலத்துக் கொத்தனாரிடம் கேட்டிருந்தால் கடுக்காய், வெல்லத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்.

பல்லுக்கு கிளிப் போட்டவர்களுக்கு இன்னொரு ஸ்மார்ட் பொருளோடும் பழக்கம் உண்டு. அந்தக் கம்பி நிக்கல்-டைட்டானியம் கலவை. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். சியாட்டிலில் ஒரு பாலத்தின் தூண்களில் இதைக் கம்பியாகப் போட்டிருக்கிறார்கள், நிலநடுக்கத்தில் வளைந்தாலும் நிமிர்ந்துகொள்வதற்காக. விலையைக் கேட்டால் நம்மால் நிமிர முடியாது. அதனால் அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

சரி, என் சீலிங்குக்கு என்ன வழி?

முதலில் ஓர் உண்மை. தானே ஆறும் கான்கிரீட் எல்லாம் புதுசாகக் கட்டும்போதுதான் கைகொடுக்கும். ஏற்கெனவே உப்பு ஏறிய பழைய ஸ்லாபில் விரிசலை மட்டும் அடைப்பது, கதவைச் சாத்திவிட்டுத் திருடனை உள்ளேயே விட்டுவைப்பது மாதிரி. கடைகளில் கிடைக்கும் கிரிஸ்டலைன் வாட்டர்புரூஃபிங் ஈரம் பட்டால் படிகமாக வளர்ந்து சின்ன விரிசல்களை அடைக்கும். மொட்டை மாடி, தண்ணித் தொட்டி கசிவுக்கு நல்லதுதான். ஆனால் துருவுக்கு அது மருந்து இல்லை.

அதனால் ரிப்பேருக்கு முன்னாடி டெஸ்ட். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்தால் அவரோ, அவர் சொல்லும் டெஸ்ட்டிங் லேபோ சில சோதனைகளைச் செய்வார்கள். கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து பினாப்தலீன் தெளிப்பார்கள். ப்ளஸ் டூ லேபில் பார்த்த அதே திரவம்தான். பிங்க் ஆனால் காரத்தன்மை இருக்கிறது, நிறம் மாறவில்லை என்றால் கவசம் போய்விட்டது. அடுத்து 'ஹாஃப் செல்' சோதனை, கம்பியின் மின் அழுத்தத்தை அளப்பது. மீட்டர் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால், அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவிகிதத்துக்கும் மேல் வாய்ப்பு. வெளியே ஒரு கோடுகூட இல்லாத இடத்திலும் இது காட்டிக்கொடுக்கும். ஒலி அலையை உள்ளே செலுத்தி வேகத்தை அளக்கும் சோதனையும் உண்டு. நொடிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே வந்தால் கான்கிரீட்டின் தரம் சந்தேகத்துக்குரியது. முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஒட்டில் ஜிங்க் ஆனோடு வைக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள்.

டெஸ்ட்டுக்கு ஆள் வருவதற்குள் நீங்க செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரிசலின் ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுங்கள், மாசம் ஒரு தடவை, அதே கோணத்தில். பழைய இன்ஜினீயர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பார்கள். அது உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வரும் இடத்துக்குக் கீழே கட்டிலையும் தொட்டிலையும் போடாதீர்கள். மொட்டை மாடியில் கூடுதலாகத் தண்ணி டேங்க் வைக்கும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். தூணில் விரிசல், நேற்று வரை சாத்தின கதவு இன்று சாத்தவில்லை, சுவருக்குள்ளிருந்து விட்டுவிட்டுச் சத்தம் என்றால் போட்டோ எல்லாம் அப்புறம், முதலில் வெளியே வாங்க. திருவொற்றியூரில் அதைத்தான் செய்தார்கள்.

இதில் நடைமுறைச் சிக்கல் டெக்னாலஜி இல்லை. நம்ம ஏரியாவில் முப்பது, நாற்பது வருஷத்து ஃபிளாட்டுகளில் பாதிக்கு மேல் 'ரீ-டெவலப்மென்ட்' பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "எப்படியும் இடிக்கப் போறோம், இதுக்கு எதுக்கு செலவு?" என்று அசோசியேஷன் மீட்டிங்கில் ஒருவர் கேட்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த 'எப்படியும்' மூணு வருஷமாகலாம், எட்டு வருஷமும் ஆகலாம். அதுவரை அந்த ஸ்லாபுக்குக் கீழே தூங்குவது பெரும்பாலும் என்னை மாதிரி வாடகைக்காரர்கள். மீட்டிங்குக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை.

என் சீலிங்கில் இப்போது ரெண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஏழு வாரத்தில் விரிசல் ஒரு கோட்டைத் தாண்டி மூணு மில்லிமீட்டர் போயிருக்கிறது. ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் வந்து ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. அடுத்த நாள் காலையில் போன். "ஏம்மா, அந்த பிங்க் தண்ணி டெஸ்ட்டுனு சொன்னியே, அதுக்கு எவ்ளோ ஆகும்னு கேட்டியா?" வியாழக்கிழமை ஆள் வருகிறார். சோபாவை நகர்த்தி ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன்.